சட்டசபை அண்ணாச்சியும் காலேஜ் பஸ்ஸும்

ஜேக்கப் அண்ணாச்சி போயிட்டார்.

காலையில் ஃபோன் வந்தது. பாளையங்கோட்டைக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சட்டையைக்கூட மாற்றவில்லை... இதை எழுதினால்தான் மூச்சு விட முடியும்.

தாலுகா ஆபீஸில் எனக்குப் பக்கத்து ஸீட். நாங்கள் வைத்த பட்டப்பெயர் "சட்டசபை". ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் அப்படி ஒரு கிறுக்கு அவருக்கு. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எம்.எல்.ஏ. ஆகி, கடைசியில் சொந்தக் கட்சித் தலைவரின் ஊழலையே சட்டசபையில் எழுந்து நின்று போட்டு உடைக்கும் படம்.

லஞ்ச் டைமில் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அந்த சீனை நடித்தே காட்டுவார். பக்கத்து செக்‌ஷன் வரைக்கும் கேட்கும். "போதும் அண்ணாச்சி, சோறு ஆறுது" என்று கத்துவோம். "சும்மா இருங்கலே, இன்னும் சுபம் போடல" என்பார்.

நடிப்போடு நிற்கவில்லை மனுஷன். ஒரு விடியக்காலையில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றுக்குள் இறங்கி திருட்டு மணல் லாரியை மறித்துவிட்டார். லாரி எந்த அரசியல்வாதியுடையது என்று ஊருக்கே தெரியும். கேஸ் ஆனது. முக்கிய சாட்சி அவர்தான்.

கோர்ட்டில் கூண்டில் ஏறினார். "வெளிச்சம் பத்தல. வண்டி நம்பர் சரியாத் தெரியல" என்றார்.

அவ்வளவுதான்... கேஸ் போச்சு.

"சட்டசபை நல்லா காசு வாங்கிட்டாருடே" என்று ஊரே பேசியது. ஆபீஸில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம்.

அதற்கப்புறமும் அந்தப் படம் டிவியில் வந்தால் பார்ப்பார். சட்டசபை சீன் நெருங்கும்போது எழுந்து ஆஃப் பண்ணிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் வைத்துக் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, முடிவ மட்டும் பாக்க மாட்டேங்கிய?"

பையச் சொன்னார். "கோர்ட்டுக்கு முந்தின நாளு ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தானுவலே. மிரட்டல்லாம் இல்ல. தண்ணி வாங்கிக் குடிச்சானுவ. பிள்ள எந்த பஸ்ல காலேஜுக்குப் போறா, எந்த ஸ்டாப்புல எறங்குதான்னு சரியாச் சொல்லிட்டுப் போனானுவ."

அணைத்துவைத்த டிவியைப் பார்த்தார். பிறகு, "படத்துல அந்த வாத்தியாருக்குப் பொம்பளப்பிள்ள இல்லல்லா" என்றார்.

பிள்ளைக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் தெருமுனையில் பஸ் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். மகள் ரூபி படிப்பை முடித்து, கல்யாணமாகி, மதுரைக்குப் போன பிறகும்...

இன்று ஐஸ் பெட்டி பக்கத்தில் ரூபி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாமா, ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் அப்பா 'பஸ் வந்துட்டா? பஸ் வந்துட்டா?'ன்னே கேட்டுட்டு இருந்தாவ. எந்த பஸ்ஸு மாமா?"

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

ரூபி, நீ இதைப் படிப்பாய். உன் அப்பா யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. அது உன் காலேஜ் பஸ்தான்மா.

அண்ணாச்சி... சத்தியத்தை மீறிட்டேன், பொறுத்துக்கிடுங்க.

பஸ் வந்துட்டு. பிள்ள பத்திரமா எறங்கிட்டா. நீங்க நிம்மதியாப் போங்க.