எழுவாய் இல்லாத சொல்

எங்கள் பக்கத்தில் யாரிடமும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டோம். 'பாத்துக்கலாமுங்க' என்போம். பெண் கேட்டு வந்தவருக்கும் அதுதான் பதில், தோட்டத்துக்கு வண்டித்தடம் கேட்டு வந்தவருக்கும் அதுதான். கேட்டவர் அதைத் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்ளலாம். அரசாங்கத்தில் இஞ்சினியராக இருந்த காலம் முழுக்க நான் இந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு, ஒரே காலையில் இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் கேட்டவை ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. இருவருமே நான் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

என் அக்கா மகனுக்குக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை. சூலூர் தாண்டி வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் கல்யாண மண்டபம் கட்ட நினைத்தான். நிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதை வெட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது.

"மாமா, நீங்க வந்து நின்னாப் போதும். மரத்த எப்படிக் காப்பாத்தறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.

எனக்குத் தெரியும் என்பது உண்மை. தெரியாமல் செய்த தப்பு என்றால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கிளையின் நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை நிலத்துக்குள் வேர் இருக்கிறது, அதற்கு மேலும் போகும் என்று படித்திருந்தேன். அந்த வட்டத்தைச் சுற்றி வேலை தொடங்கும் முன்பே வேலி போட வேண்டும். உள்ளே லாரி ஏறக் கூடாது, ஜல்லி கொட்டக் கூடாது, சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீரை விடக் கூடாது. கடைக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, பள்ளம் பறித்தே ஆக வேண்டும் என்றால் கைக்கடப்பாரையால் பறித்து, தடித்த வேரை விட்டுவிட்டு அதன் மேல் பாலம் போல உத்தரம் போட வேண்டும். இதையெல்லாம் வரைபடத்தில் எழுதினேன். வட்டத்தைப் பச்சை மையால் போட்டேன். பார்க்க நன்றாக இருந்தது.

மரத்துக்குக் கிழக்கே காம்பவுண்டு சுவர். சுவரை ஒட்டி ஒரு தமிழ் டீச்சரின் வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். முன்பக்கம் காங்கிரீட் வீடுதான், ஆனால் வாசலிலிருந்து படி ஏற வேண்டும், அறைகளும் குறுகல். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு, சக்கர நாற்காலி போய்வரப் பின்பக்கம் ஓர் அறையை இழுத்துக் கட்டி, சிமெண்ட் ஷீட் வேய்ந்திருந்தார்கள். மேற்கு வெயில் முழுக்க விழ வேண்டிய அறை. விழாமல் தடுத்தது இந்த மரம்தான். ஷீட்டின் மேல் அதன் கிளைகள் கூடாரம் போல இறங்கியிருந்தன.

வேலை தொடங்கிய காலையில் டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு ஏறி நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்கதான் இஞ்சினியருங்களா?"

"ஆமாங்க."

"எங்க ஊட்டுக்காரரு இந்த மரத்தடியிலதான் படுத்திருக்காருங்க. சாயங்காலம் இலை மூடுனா காபி வேணும்னு இடது கையத் தூக்குவாரு. அவருக்குக் கடியாரமும் அதுதான், ஏசியும் அதுதான். நெசமான ஏசி போட்டா மூச்சு இழுக்குதுங்க. மரத்துக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கலாமுங்க" என்றேன்.

அவர் இறங்கிப் போனதும் காண்ட்ராக்டர் வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம்.

"சார், படத்துல போட்ட மாதிரி வேலி போட்டா லாரி திரும்ப எடமில்லீங்க. சாப்பாட்டு ஹாலுக்குக் கடைக்காலும் அந்த வட்டத்துக்குள்ளதான் வருது. ஆள வெச்சுப் பறிச்சா ஒரு மாசம் போயிரும். ஜேசிபி விட்டா ஒரு பொழுது. என்ன சொல்றீங்க?"

"பாத்துக்கலாமுங்க" என்றேன்.

"அதானுங்க வேணும்" என்று சிரித்துவிட்டுப் போய் ஜேசிபிக்குக் கை காட்டினார்.

நான் அங்கேயே நின்றேன். மண்வாரியின் பற்கள் மரத்திலிருந்து எட்டடி தள்ளி இறங்கின. முதலில் விரல் தடிமன் வேர்கள், பிறகு மணிக்கட்டுத் தடிமன், பிறகு தொடைத் தடிமனில் ஒன்று. ஓட்டுநர் ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அவர் லீவரை இழுத்தார். வேர் அறுந்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. மதியத்துக்குள் மேற்குப் பக்கம் ஒரே கோடாக வெட்டியாகிவிட்டது. மறுநாள் காங்கிரீட் போட்டு மூடினோம். பாதி வேர் போன மரம் காற்றில் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு உடனே தெரிந்தது. கிழக்கே, ஷீட்டின் மேல். யாரிடமும் சொல்லவில்லை.

தூங்குமூஞ்சி உடனே சாகாது. உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடும். மண்டபம் திறந்த அன்று மரம் பச்சையாகத்தான் இருந்தது. அக்கா மகன் அதற்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, அடியைச் சுற்றி இரண்டடி உயரம் மண் நிரப்பி, கிரானைட் மேடை கட்டி, இடைவெளியில்லாமல் கல் பதித்திருந்தான். கிளைகளில் சீரியல் லைட். எங்கள் ஆட்களுக்கு ஒன்றின் மேல் மதிப்பு வந்தால் அதற்கு மேடை கட்டாமல் இருக்க முடியாது. மிச்சம் இருந்த வேருக்கும் காற்று போகாது என்பதை நான் சொல்லியிருக்கலாம். எதற்கு, புதுமனையில் போய் அபசகுனமாக. 'மரத்தைக் காத்த பொறியாளர்' என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, கட்டட வேலையில் மரங்களைப் பாதுகாப்பது எப்படி என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். முன்வரிசையில் டீச்சர் கை தட்டினார்.

அடுத்த கோடையில் உச்சிக் கிளைகள் காய்ந்தன. இலை கொட்டி, துளிர் வரவில்லை. அதற்கடுத்த கோடைக்குள் மரம் முழுவதும் பட்டுவிட்டது. பட்டை உரிந்து ஷீட்டின் மேல் விழுந்தது. ஒரு நாள் கை தடிமன் கிளை ஒன்று விழுந்து ஷீட்டில் விரிசல் விட்டது. கட்டிலுக்கு நேர் மேலே.

அக்கா மகன் வந்தான். "மாமா, வெட்டுறதுக்கு ஆபீசுல மனுக் குடுத்திருக்கேன். மரம் ஏன் செத்துச்சுன்னு கேக்கறாங்க. நாம கொன்னோமின்னு ஆச்சுன்னா மண்டபத்து அனுமதிக்கே வம்பு. ஒரு வரி எழுதிக் குடுங்க."

'மேற்படி மரம் இயற்கையாகப் பட்டுப்போயுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பட்டத்தையும் முன்னாள் பதவியையும் கீழே எழுதினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

வெட்டிய நாளில் போனேன். கணவரின் கட்டிலை முன்னறைக்கு மாற்றியிருந்தார்கள். கிரேன் கிளையைக் கயிற்றில் பிடித்துக்கொள்ள, மேலே இடுப்பில் பெல்ட் கட்டிய ஆள் மிஷின் ரம்பத்தால் அறுத்து அறுத்து இறக்கினார். சுத்தமான வேலை. அந்த மிஷின்களை வைத்துக்கொண்டு ஒரு கிளைகூட ஷீட்டில் படாமல் இறக்க முடிந்தது. கொல்லும்போது இல்லாத கவனம் பிணம் எடுக்கும்போது இருந்தது. கடைசியில் ஜேசிபி அடிமரத்தைப் புரட்டியது. ரம்பக்காரர் வேரைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க பாருங்க. ஒரு பக்கம் பூராவும் ஒரே கோடா அறுந்திருக்கு. ஜேசிபிப் பல்லுங்க. அதுலதான் உள்ள அழுகல் ஏறியிருக்கு. இது செத்த மரமில்லீங்க, சாகடிச்ச மரம்."

"அப்படிங்களா" என்றேன்.

"எந்தப் புண்ணியவானோ" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறினார். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் டீச்சர் நின்றிருந்தார். தலைமுடியெல்லாம் மரத்தூள். அவருக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு இதய நோய் வந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே அந்த அறுந்த வேர் கனவில் வந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். என் அறையின் ஏசி ஒரு மதியம் நின்றுபோய், அரைமணி நேரம் வேர்வையில் புரண்டேன். பெல் அடித்தேன், நர்ஸிடம் கத்தினேன். எனக்குப் பேச்சு இருந்தது, கத்த முடிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இந்தச் சித்திரையில் பஸ் ஏறி டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க, உள்ள வாங்க. தண்ணி குடிங்க மொதல்ல."

பின்னறைக்குக் கூட்டிப் போனார். ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பி, தண்ணீர் தெளித்திருந்தார். அப்படியும் அறை அடுப்பு மாதிரி இருந்தது. கணவர் ஈரத்துண்டைப் போர்த்திப் படுத்திருந்தார். முதுகில் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்தது. ஜன்னல் வழியே மேடை தெரிந்தது. மரம் இருந்த இடத்தில் அக்கா மகன் பிளாஸ்டிக்கில் ஒரு மரம் நட்டு வைத்திருந்தான், பச்சை விளக்கு இலைகளோடு.

"அதைத்தான் பாத்துட்டே கெடக்காருங்க" என்றார் டீச்சர். "அது மூடவே மாட்டேங்குது. காபிக்குக் கை தூக்கறதையே மறந்துபோட்டாரு."

நான் நடந்ததைச் சொன்னேன். ஜேசிபி, கடைக்கால், மேடை, எல்லாவற்றையும். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நான் சர்ச்சுல சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் போனாலே அஞ்சு நிமிசத்துல முடிச்சுருவேனுங்க. நீங்க அரைமணி நேரம் எடுத்துட்டீங்க" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். நான் எழுதிக்கொடுத்த சான்றின் நகல். பக்கத்து வீட்டுக்காரர் என்று அவருக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்கள். 'இயற்கையாக' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு.

"இத மாத்தி எழுதித் தர முடியுங்களா?"

"எதுக்குங்க இப்ப? மரம்தான் இல்லியே."

"தப்பா எழுதுனத அப்படியே விட்டு எனக்குப் பழக்கமில்லீங்க."

தாளும் பேனாவும் கொடுத்தார். நான் எழுதினேன்: 'அடித்தள வேலையின்போது மரத்தின் வேர்கள் வெட்டப்பட்டன. பின்னர் மேடை அமைக்கப்பட்டது. இதனால் மரம் பட்டுப்போனது.' வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுவாய் எங்கீங்க?"

எனக்குப் புரிந்தது. ஆனாலும் முழித்தேன்.

"வெட்டப்பட்டன, அமைக்கப்பட்டது. ஆரு வெட்டுனது, ஆரு அமைச்சது? ஆறாங்கிளாஸ்ல தோன்றா எழுவாய்னு நடத்துவேன். 'வந்தேன்'னு சொன்னா எழுவாய் வெளிய தெரியாது, ஆனா 'நான்'னு வினையிலயே ஆள் ஒளிஞ்சிருப்பான். அன்னைக்கு மரத்தடியில நின்னு 'பாத்துக்கலாமுங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அதுல ஒளிஞ்சுகூட ஆள் இல்லீங்க. நானும் இந்த ஊருக்காரிதான். இலக்கணம் படிச்சவ. ஆரு பாக்கறதுன்னு அன்னைக்கே கேட்டிருக்கோணும். இஞ்சினியராச்சேன்னு நம்பிப்போட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். 'நான் வேர்களை வெட்ட விட்டேன். வெட்டியது தெரிந்தும் மறைத்தேன். மேடை மரத்தைக் கொல்லும் என்று அறிந்தும் வாய்திறக்காமல் பொன்னாடை வாங்கிக்கொண்டேன். மரம் இயற்கையாகப் பட்டதென்று பொய்ச் சான்று கொடுத்தேன்.' நான்கு வாக்கியம். எழுபத்தைந்து வயதுக்குள் நான் எழுதிய எந்த அறிக்கையிலும் 'நான்' என்ற சொல் இருந்ததாக நினைவில்லை.

டீச்சர் சிவப்புப் பேனாவோடு படித்தார். எங்கும் கோடு போடவில்லை. "இது சரிங்க" என்றார்.

"இந்த ஷீட்ட எடுத்துட்டு வேற கூரை போட்டுத் தரேனுங்க" என்றேன்.

"செவுரு ஒத்தைக் கல்லுங்க. காங்கிரீட் தாங்காது. நீங்க பாத்தாலே தெரியுமே." தெரிந்தது. "நெழல எங்கிருந்துங்க கொண்டாருவீங்க? இன்னைக்கு நட்டாலும் இந்த ஷீட்டுக்கு மேல வர இருவது வருசம். அவருக்கு இந்தக் கோடை போனாப் பெருசு."

"இந்தத் தாளை ஆபீசில குடுத்தர்றேன்."

"எப்பங்க?"

அந்தச் சொல் தொண்டைவரை வந்துவிட்டது. உதடு பிரிந்துவிட்டது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காத்தால. நான் போறேன்" என்றேன்.

"அப்ப இதையே இன்னொரு தாள்ல எழுதிக் கொண்டுபோங்க. இது இங்கயே இருக்கட்டும்."

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கட்டிலிலிருந்து ஓர் ஓசை வந்தது, சொல் இல்லாத ஓசை. டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த என் நான்கு வாக்கியத் தாளை இரண்டாக மடித்து, அதைக்கொண்டு அவர் முகத்துக்கு விசிற ஆரம்பித்தார்.