ஊர்க்காரர் அல்ல என்று ஒரு சான்று

நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், ஒருவர் நல்லவர் என்று எழுத எங்கள் மணியக்காரர்களுக்கு ஒரே ஒரு வாசகம்தான் தெரியும். 'மேற்படியார் இக்கிராமத்தில் பூர்வீகமாக வசிப்பவர், சொந்த நிலமும் வீடும் உள்ளவர், கௌரவமான குடும்பம்.' ஜாமீனுக்கும் அதுதான், துப்பாக்கி லைசென்சுக்கும் அதுதான். நிலம் இல்லாத நல்லவர்கள் அந்தத் தாலுகாவில் இருந்திருக்கலாம். எங்கள் கோப்புகளில் இல்லை.

அந்த வாசகம் ஒருவரைக் கடல் தாண்ட விடாமல் நிறுத்தும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்கு யாரும் போகக் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. பிறகு, முன்பே அங்கே குடியிருப்பவர்கள் ஊருக்கு வந்திருந்தால் அவர்கள் மட்டும் திரும்பிப் போகலாம் என்று ஒரு திருத்தம். அப்புறம் திருத்தத்துக்கு ஒரு விளக்கம். எங்கள் கச்சேரிக்கு முதலில் வந்து சேர்ந்தது விளக்கம்தான். எதை விளக்குகிறது என்று புரியாமல் தாசில்தார் அதன்மேல் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைவிட நேர்மையான குறிப்பை நான் பிறகு எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். பென்னாகரம் ரோட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் இளைய மகன். வாலிபத்திலேயே இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் நிலைத்தவர். படுக்கையில் கிடந்த தகப்பனாரைப் பார்க்க வந்து, காரியத்தையும் முடித்துவிட்டு, திரும்பிப் போக அனுமதி கேட்டார். மனைவியும் இரண்டு பெண்களும் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஓர் அறையில் இருந்தார்கள். ரொம்ப நாள் ஆள் வராவிட்டால் அந்த அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

மணியக்காரர் தாராளமாகச் சான்று கொடுத்தார். வழக்கமான வாசகத்தோடு, 'கிணற்றிலும் பங்கு உண்டு' என்று தன் அன்பையும் சேர்த்திருந்தார். மேலிடத்திலிருந்து மனு திரும்பி வந்தது. இங்கே நிலபுலத்தோடு குடியிருப்பவர் புதிதாகப் போகிறவராகவே கருதப்படுவார், அனுமதி இல்லை.

மணியக்காரரையும், மனுதாரரையும், அவருடைய அண்ணனையும் வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க, நல்லவன்னு எழுதுனது தப்புங்களா?" என்றார் மணியக்காரர்.

"நல்லவர்னு எழுதலாம். இந்த ஊர்க்காரர்னு எழுதினதுதான் தப்பு."

"ஊரே இல்லாதவன எப்படீங்க நல்லவன்னு எழுதறது?"

மனுதாரர்தான் அண்ணனைப் பார்த்து, "அண்ணா, எம் பங்கையும் உங்க பேருக்கே மாத்திக்கங்க. எனக்கு இங்க ஒண்ணும் இல்லைன்னு ஆயிரும்" என்றார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பன் செத்து ஈரம் காயல, தம்பி பங்க முழுங்கிட்டான்னு பங்காளிங்க சிரிக்கறதுக்காடா? நீயே கெட்ட பேரு வாங்கித் தர்றியே!"

"லயத்துல என் பொண்ணுங்க ஆரு மூஞ்சியப் பாத்துட்டு இருக்கும், அண்ணா?"

அண்ணன் கையெழுத்துப் போட்டார். பட்டா மாறியது. மணியக்காரர் புதுச் சான்று எழுதினார்: 'மேற்படியாருக்கு இக்கிராமத்தில் நிலமோ வீடோ கிடையாது. அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர். நல்லவர்.' கடைசிச் சொல்லை அடித்துவிடச் சொன்னேன். அது மட்டும் முடியாது என்றுவிட்டார்.

மனு மறுபடி மேலே போனது. உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்க மனுதாரர் சந்தைநாள்தோறும் கச்சேரிக்கு வருவார். ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சிரிப்பாக இல்லை.

"அண்ணன் என்னைக் கிணத்துல ஒரு கொடம் தண்ணி எறைக்க விடறதில்லைங்க. ஏர் புடிக்கப் போனா கையத் தட்டி வுடறாரு. 'விருந்தாளி வேல செய்யலாமா, உக்காருங்க'ன்னு வாங்க போங்கன்னு பேசறாரு. களி கிண்டற வூட்டுல எனக்கு மட்டும் தெனமும் நெல்லுச்சோறு, எலை போட்டு. மாமியா வூட்டுலகூட எனக்கு இந்த மரியாத இல்லைங்க."

"கோபமா இருக்காரா?"

"அது தெரிஞ்சாத்தான் தேவலையே."

அனுமதி வந்தது. ஸ்டேஷனில் ரயிலேற்ற அண்ணனும் வந்திருந்தார் என்று மணியக்காரர் சொன்னார். ரயில் நகரும்போதுதான் "டேய்" என்று கூப்பிட்டாராம்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு விளக்கம் வந்தது. மனைவி மக்கள் அங்கே இருக்கும் பட்சத்தில், ஊரில் நிலம் இருப்பது திரும்பிப் போவதற்குத் தடை ஆகாது. அதைப் பலமுறை படித்தேன். முந்தைய விளக்கம் தப்பு என்றும் அது சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நிலவரிக் கிஸ்தி விஷயமாகக் கச்சேரிக்கு வந்த அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப பட்டாவப் பழையபடி மாத்திரலாங்களா?"

"அவர் நேரில் வந்து கையெழுத்துப் போடணும்."

"வந்தா?"

"திரும்பிப் போக மறுபடி மனுப் போடணும். அப்போ நிலம் இருக்கான்னு கேட்பாங்க."

"இருந்தாத் தடையில்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"இப்போதைக்குத் தடையில்லை."

"அது கெடக்குது. அவனும் பொண்ணுங்களும் சும்மா வந்து ஒரு பண்டிக இருந்துட்டுப் போகணும்னா, அதுக்கு ரூலு இருக்குங்களா?"

கோப்பைத் திறந்தேன். அடியிலிருந்து மேலே, உத்தரவு, திருத்தம், விளக்கம், விளக்கத்தின் விளக்கம் என்று எல்லாம் ஒழுங்காகத் தைத்திருந்தது. தைத்தவன் நான்தான்.

"இன்னைக்கு இருக்கு" என்றேன்.

அவர் அதையே ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.