பைப்பு முனையில் தூக்குக்குண்டு

காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் கவலை, மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறுமா என்பதுதான். டெல்லி ஆர்.கே.புரத்தில் நான் வேலை செய்கிற வீட்டு அம்மா சிரிப்பார். ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு எதற்கு இத்தனை யோசனை என்பார். இந்தக் கவலையை வைத்துத்தான் நான் ஒருமுறை ஊரையே ஜெயித்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது. முனிர்காவுக்குப் பின்னால் குடிசைகளில் இருந்தோம். அப்பா கொத்தனார். நாங்கள் வந்த புதிதில் லாரித் தண்ணீர் எல்லோரும் பிடித்தது போக மிஞ்சும். டிரைவர் கால் கழுவிக்கொண்டு போவார். அப்புறம் பீகாரிலிருந்து வந்தார்கள், வங்காளத்திலிருந்து வந்தார்கள், கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் ஆட்களே வந்தார்கள். குடிசைக்கும் குடிசைக்கும் நடுவில் இன்னொரு குடிசை முளைத்தது. லாரி மட்டும் அதே ஒன்று. புதுசாக வருகிறவர்களால்தான் இந்தக் கஷ்டமெல்லாம் என்று அம்மா புலம்புவாள். நாங்கள் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த வாரம் புதுசாக வந்தது எங்கள் சித்தப்பாவும் சித்தியும், ஒரு கைக்குழந்தையும். குழந்தை என் இடுப்பில் மட்டும் அழாமல் இருக்கும். ஒரே அறையில் ஆறு பேர். நாலாம் நாள் அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

“குழந்தத் துணி அலசக்கூட தண்ணி இல்ல. நாளைக்கும் டிரம்மு ரொம்பலன்னா அவங்கள ரயிலேத்தி விட்டுடுங்க.”

அன்றைக்கு ராத்திரி நான் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. குழந்தை போய்விடும்.

லாரி வந்ததும் வீட்டுக்கு ஒருவர் பைப்போடு மேலே ஏறி, மூடியைத் திறந்து முனையை உள்ளே விடுவார்கள். கீழே இருப்பவர் வாயால் உறிஞ்சிவிட்டால் தண்ணீர் இறங்கும். ஆனால் பைப்பு லேசு, முனை மிதக்கும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதுமே காற்றை இழுத்து நின்றுவிடும். மறுபடி உள்ளே தள்ளுவதற்குள் மேலே ஒரு சண்டையே நடக்கும். தினமும் பயந்து பயந்து பார்த்ததில் இது எனக்கு மனப்பாடம்.

மறுநாள் அப்பாவின் பையிலிருந்து, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்து, வாய் அடைக்காதபடி பைப்பு முனையில் கட்டினேன். சித்தப்பா அதோடு லாரி மேலே ஏறினார்.

“என்ன மாப்ள, மீன் பிடிக்கறியா?” என்று கேட்டார் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பைப்பாகக் கொரகொரவென்று நின்றது. எங்கள் பைப்பின் முனை அடியில் கிடந்தது. தண்ணீர் விடாமல் வந்தது. டிரம் நிறைந்தது. குடங்கள், சோற்றுக் குண்டான், குழந்தை குளிக்கிற பேசின் எல்லாம் நிறைந்தன. குண்டைத் தேடி வேலைக்குப் போகாமல் திட்டிக்கொண்டே வந்த அப்பா, டிரம்மைப் பார்த்துவிட்டு அதன்மேல் தாளம் போட்டார். சித்தி வாசலிலேயே குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

“யாரும் எங்கியும் போக வேணாம்,” என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி அரை பக்கெட்டோடு வந்து நின்றாள். “க்யா ஜாதூ கியா, பேட்டி?” என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்கிறாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டின முடிச்சு வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் லாரி மேலே போன எல்லாப் பைப்பு முனையிலும் ஏதோ ஒன்று தொங்கியது. பூட்டு, போல்ட்டு, சைக்கிள் பெடல், காய்கறிக்காரரின் படிக்கல். எந்தப் பைப்பும் இடையில் நிற்கவில்லை. லாரி காலியானதும் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. எங்கள் டிரம் பாதிதான் இருந்தது, ஆன்ட்டியின் பக்கெட்டைப் போல.

குண்டு கழன்றுவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. அம்மா சொன்ன சொல்லை மாற்றவில்லை, சித்தி போகவும் இல்லை. பாதி டிரம்மில் ஆறு பேர் குளித்தோம்.

நான் மட்டும் சாயங்காலம் வரை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன், நாளைக்கு இதைவிடக் கனமான குண்டு ஒன்று வேண்டும் என்று.