நாற்பத்தொன்றாவது தார்ப்பாய்

லூர்துராஜ் அண்ணன் ஹெலிகாப்டர் ஓட்டியவர் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அவர் சொல்லும் எதையுமே நம்பவில்லை. இரண்டுமே தப்பு. விமானப் படையில் இருபது வருடம் ஹெலிகாப்டர் பழுது பார்த்த மனிதர் அவர். முத்துப்பேட்டைக்கு மேற்கே, வயலும் வாய்க்காலுமாக இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்து அறுவடை மெஷின் பட்டறை வைத்தார்.

டீக்கடையில் யாராவது வாய் தவறி ஹெலிகாப்டர் என்று சொல்லிவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. துருவ் என்ற நம் நாட்டு ஹெலிகாப்டரின் ஜாதகத்தையே விரித்துவிடுவார். எண்பதுகளில் திட்டம் போட்டது, தொண்ணூற்றிரண்டில் பெங்களூரில் முதல்முறை பறந்தது, படையில் சேர இன்னும் பத்து வருடம் பிடித்தது, பிறகு மலை உச்சிக்கு ஏற்ற மாதிரி பலமான என்ஜின் மாற்றியது.

“ஒரு வண்டி செய்ய இத்தன வருசமா? இன்னும் கட்டி முடிக்காத நம்ம ஊர் பாலத்துக்கு அண்ணனா இருக்கும்போலயே” என்பார் வீரையன். பட்டறைக்கு அடுத்த வயல்காரர்.

“சும்மா இல்ல வீரையா. சியாச்சின்ல ரேஷன் மூட்ட ஏத்தும். பின்கதவு ரெண்டாத் தெறக்கும், அடிபட்டவன ஸ்ட்ரெச்சரோட ஏத்தி எறக்கும். வெள்ளத்துல ஆளத் தூக்கும். ஆயுதம் மாட்டுனா சண்ட போடும். டிராக்டர்னு வச்சுக்க, பின்னால எத மாட்டுறியோ அந்த வேல.”

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, படைப் பழக்கத்தில் அவர் எல்லாச் சாமானையும் எண்ணுவதுதான். பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதே வடிவத்தில் கறுப்புப் பெயின்ட்டால் ஒரு நிழல் வரைந்திருப்பார். வேலை முடிந்ததும் எல்லா ஸ்பேனரும் தத்தம் நிழலில் போய் உட்கார வேண்டும். ஒன்று குறைந்தாலும் மெஷின் வெளியே போகாது. ஒரு தடவை வீரையனின் அறுவடையை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தார். காணாமல் போன ஸ்பேனர் கடைசியில் வீரையனின் இடுப்பு மடிப்பிலேயே இருந்தது.

சமையலறையும் தப்பவில்லை. கரண்டி, தோசைத் திருப்பி, பருப்பு மத்து எல்லாவற்றுக்கும் சுவரில் நிழல்.

“கரண்டிக்கெல்லாம் நெழல் போட்டாரு. எனக்கு ஒண்ணு போடத்தான் மறந்துட்டாரு” என்று அவர் மனைவி பாத்திமா மேரி அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கும். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை தஞ்சாவூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலம் அது.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டி ஆறு கரையை உடைத்துக்கொண்டது. சாலை இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கியது. வெள்ளத்தின் இழுப்பு கடுமையாக இருந்ததால் படகும் வரவில்லை. அக்காவுக்கு அடுத்தடுத்து இரண்டு டயாலிசிஸ் தவறிவிட்டது. முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு நாள் தாங்காது என்று நர்ஸ் பூவிழி எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். போன் மேல் போன் போட்டு, மறுநாள் காலை ஹெலிகாப்டர் வரும் என்று தகவல் வாங்கினோம்.

ஊரில் மூழ்காத மேடு நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் களம் ஒன்றுதான். அங்கே பட்டியல் எழுத்தர் நான். விடியற்காலையிலேயே அக்காவைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்து களத்தின் ஓரம் வைத்தோம். பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஈரத்தில் ஹெலிகாப்டர் வழுக்கிவிடக் கூடாது என்று களம் முழுக்க வைக்கோல் பரப்பினோம். வைக்கோல் நனையக் கூடாது என்று அதன்மேல் நெல் மூடும் தார்ப்பாய்களை விரித்தோம். மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட அப்படி விரித்ததில்லை.

பக்கத்துத் தெருவில் மருந்துப் பெட்டி எடுக்கப் போயிருந்த லூர்துராஜ் அண்ணன் வந்து பார்த்துவிட்டு அலறினார்.

“எவன்டா இது? அது எறங்குற காத்துல இதெல்லாம் மேல கெளம்பி எறக்கையில சுத்திக்கும். அள்ளுங்கடா!”

அள்ளினோம். வைக்கோலைத் தண்ணீரில் தள்ளினோம். தார்ப்பாய்களைச் சுருட்டி, கோடவுனுக்குள் போட்டுப் பூட்டினோம். அதற்குள் வானத்தில் சத்தம் கேட்டது.

“நெடுமாறா, மொத்தம் எத்தன?” உள்ளே போனதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த அண்ணன் என்னிடம் கேட்டார்.

“நாப்பத்தொண்ணு அண்ணே.”

“உள்ள நாப்பதுதான் இருக்கு.”

ஹெலிகாப்டர் தலைக்கு மேலே வந்துவிட்டது. அண்ணன் களத்தின் நடுவே போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தார். இறங்காதே என்று அதற்கு அர்த்தமாம். அதுவும் கீழே வராமல் வட்டம் போட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அங்க அக்கா மூச்சுக்குத் தவிக்குது, நீங்க தார்ப்பாய் எண்ணுறீங்களா? ஒண்ணு போனா போவுது, எறங்கச் சொல்லுங்க!”

“அந்த ஒண்ணுதான்டா கொல்லும்” என்றார். கையைத் தூக்கி நின்ற அந்த நேரம் முழுக்க அவர் கட்டில் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் கையை இறக்கிவிடுவோம் என்று பயந்தாராம், பிற்பாடு சொன்னார்.

சந்து பொந்தெல்லாம் தேடினோம். அப்போது கட்டிலிலிருந்து பலவீனமாக ஒரு குரல் வந்தது.

“என்னங்க... அது எம்மேல கெடக்கு.”

விடியற்காலைத் தூறலில் அக்கா நனையாமல் இருக்கத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். பதற்றத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அதோடு கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், காற்றில் பிய்த்துக்கொண்டு நேராக இறக்கைக்குத்தான் போயிருக்கும். அக்காவும் பிழைத்திருக்காது, வந்தவர்களும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடிப் பூட்டினேன். அண்ணன் கையை இறக்கினார். ஹெலிகாப்டர் இறங்கியது. அவர் வருடக்கணக்காகச் சொல்லி நாங்கள் கொட்டாவி விட்ட அந்தப் பின்கதவு இரண்டாகத் திறந்தது. ஸ்ட்ரெச்சரை அதன் வழியாக ஏற்றினார்கள். அண்ணனும் கூடவே ஏறினார். ஏறும்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அக்கா பிழைத்து வந்தது. இப்போதும் வாரம் இரண்டு முறை பஸ்ஸில் தஞ்சாவூர் போகிறது. துணைக்குப் பூவிழி போவாள். திரும்பியதும் பட்டறை வாசலில் நின்று, “ஒண்ணு வந்தாச்சுங்க” என்று கேலியாகக் குரல் கொடுக்கும். அண்ணன் நிமிர்ந்து நன்றாக முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி” என்பார்.

போன வாரம் பஸ் கெட்டுப்போய் அக்கா வரத் தாமதமாகிவிட்டது. விளக்கு வைத்து நேரமாகியும் பட்டறை திறந்தே கிடந்தது. ஸ்பேனர் எல்லாம் நிழலில் சரியாகத் தொங்கின. அண்ணன் சாப்பிடாமல் ரோட்டைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“வேலதான் முடிஞ்சிருச்சே, பூட்டலயா அண்ணே?” என்று கேட்டேன்.

“ஒண்ணு வெளிய இருக்குடா. எப்படிப் பூட்டுறது?” என்றார்.