சாம்பல் நிறத்தில் இருபத்தாறு வரிகள்

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண் மருத்துவமனையிலிருந்து வரும் கடிதத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். தாளின் தலையில் சிவப்புப் பட்டை இருக்கும். நாற்பது வருடம் சுவர் எழுப்பிய கொத்தனாருக்கு எண்கள் அத்துப்படி. தேதியை அவரே பார்த்துக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். வந்தால் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருக்குக் கண் அழுத்த நோய். வலிக்காது, உறுத்தாது, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அளந்து பார்த்து அவ்வப்போது மருந்தை மாற்ற வேண்டும். வலக்கண் எப்போதோ போய்விட்டது. இடக்கண்ணை வைத்துத்தான் நடமாட்டம்.

மருத்துவமனை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்களிடம், "இந்தக் கடுதாசியை அனுப்புறதே என் மகதான்" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கணினிப் பிரிவில்தான் அவளுக்கு வேலை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ பட்டதாரி, தண்ணி கொண்டா" என்பதுதான் வழக்கம்.

அவள் பார்த்துக்கொண்டது இருபத்து மூன்று வருடப் பழைய மென்பொருள். எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது தன் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கேள்வி கேட்டால், தெரியாதவள் என்பது தெரிந்துவிடும். கல்லூரி நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பயம். மற்றவர்கள் வீட்டிலேயே கற்றுவந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் விட்டுப்போனது போல.

போன வருடம் நிரலைச் சரிபார்க்கும் புதிய கருவி வந்தது. பழைய மென்பொருளின் நிரல் முழுவதையும் படித்து, வேறெந்தப் பகுதியும் கூப்பிட்டுப் பயன்படுத்தாத வரிகளைத் தேவையற்றவை என்று சாம்பல் நிறத்தில் காட்டியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாரையும் கேட்க வேண்டாம்! ஒரே மாதத்தில் பதினோராயிரம் வரிகளை நீக்கினாள். கூட்டத்தில் மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

முதல் தளத்தில் கடிதங்களை மடித்து உறையிலிடும் அக்கா, படிக்கட்டில் அவளை மறித்துக் கன்னத்தைக் கிள்ளினாள்.

"கண்ணு, உன் புண்ணியத்துல கடுதாசி பாதியாக் கொறைஞ்சிடுச்சு. என் விரல் பத்தும் உன்னை வாழ்த்துது போ."

ஒரே ஆளுக்கு இரண்டு முறை போனதெல்லாம் நின்றிருக்கும் என்று நினைத்து அவள் சிரித்துவைத்தாள்.

அப்பாவும் ஒரு முறை கேட்டார். அவள் சாப்பிட்டபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பட்டதாரி, உங்க ஆளுங்க என்னை மறந்துட்டாங்களா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் மறக்காதுப்பா. தேதி வந்தா தானா வரும்."

மகளே சொன்ன பிறகு அவருக்கு வேறு என்ன வேண்டும்?

பிறகு ஒரு நாள் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். மறுவாரம் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். அம்மா, "கவனம் எங்க இருக்கு?" என்று சத்தம் போட்டாள். மகள் மறுநாளே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

மருத்துவர் விளக்கை நகர்த்திவிட்டுக் கேட்டார். "ஏழு மாசமா ஏன் வரலை?"

"கடுதாசி வரலைங்களே" என்றார் அப்பா, ஏதோ தன் தப்பு போல.

"போனது திரும்பாது பெரியவரே. மிச்சத்தைப் பிடிச்சு வைக்கப் பார்ப்போம்."

அப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மருந்துச் சீட்டும் கையுமாக மாடிக்கு ஓடினாள். தேடக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வரிகள். கண் அழுத்த நோயாளிகளுக்குக் கடிதம் அச்சிடும் பகுதி. நிரலுக்குள் யாரும் அதைக் கூப்பிடவில்லை என்பது உண்மைதான். திங்கட்கிழமை செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று நிரலுக்கு வெளியே, தரவுத்தளத்தில் தனியாகக் கிடந்தது; அதுதான் இந்தப் பகுதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. புதிய கருவி நிரலைப் படிக்கும். அந்தப் பட்டியலைப் படிக்காது. பழைய மென்பொருளோ கூப்பிட்ட பெயர் இல்லாவிட்டால் முணுமுணுக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

யார் எப்போது நீக்கினார்கள் என்பதையும் கருவி காட்டியது. அவள் பெயர். ஒரு வியாழக்கிழமை, பதினொன்று இருபது. கீழே அவளே எழுதிய குறிப்பு: 'பயன்படாத வரிகள் நீக்கம்.'

ஒரு பொத்தானை அழுத்தியதும் இருபத்தாறு வரிகளும் திரும்பி வந்தன. கடிதம் போகாதவர்கள் எத்தனை பேர் என்று கணினியிடம் கேட்டாள். நூற்று முப்பத்தெட்டு. அப்பா அதில் ஒருவராக இல்லாதிருந்தால் இன்றைக்குத் தேடியிருப்பேனா?  பதில் தெரிந்தேயிருந்தது; அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேலாளரிடம் உடனே போய்ச் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"கடுதாசியை நிறுத்தினது நான்தாம்பா."

"வேணும்னேவா?"

"இல்லப்பா. யாருக்கும் தேவைப்படாததுன்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு."

"நீ யாரையாச்சும் கேட்டியா?"

"கேக்கலை."

அப்பா உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். திட்டியிருக்கலாம். திட்டினால் தாங்கியிருப்பாள்.

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துல ஒருத்தர் உக்காருவாரு, தொப்பி போட்டுக்கிட்டு. அவருக்கும் ஒத்தக் கண்ணுதான். அவருக்கு வந்துச்சா?"

"தெரியலப்பா. பேர் என்ன?"

"பேரெல்லாம் யாரு கேட்டா?"

மறுநாள் காலை, கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்கப் பொறுக்காமல், அவளே பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரிடமும் அதே மன்னிப்பு, அதே தேதி. சிலர் நன்றி சொன்னார்கள். அது இன்னும் மோசம். நாற்பத்தொன்றாவது, ஒற்றைக் கண்ணுள்ள ஒருவர்; போனை அவர் மனைவி எடுத்தாள். சொல்லவேண்டியதைச் சொன்ன பிறகும் இவளுக்குப் போனை வைக்க மனம் வரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? அவர் தொப்பி போடுவாரா?"

"போடுவாரு. இப்ப எங்க, வெளியவே போறதில்ல. கண்ணு சுத்தமா தெரியல. ஆமா, நீங்க யாரு பேசுறது?"

அப்பா பெஞ்சில் சொல்லிக்கொள்வதுதான் வாயில் வந்தது.

"கடுதாசி அனுப்புறவம்மா."