அப்பாவின் கார் பாஸான நாள்

எங்கள் அப்பாவிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையடியில் மற்றக் கார்களோடு வரிசையில் நிற்கும். வெள்ளைக்காரன் இன்னும் போகாத காலம். வாடகைக் கார்களை வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுந்தது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காத கார் ஸ்டாண்டில் நிற்க முடியாது. சோதனையெல்லாம் காருக்குத்தான். அதை ஓட்டுகிறவரை யாரும் சோதிப்பதில்லை. அந்த ஓட்டைக்குள்ளால்தான் அப்பா இரண்டு வருஷம் தப்பி வந்தார்.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இது வெட்டிச் சுகப்படுத்துகிற வருத்தம் இல்லை, மெல்ல மெல்ல இருட்டிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல வெயில் நேரத்தில் நேர் எதிரே உள்ளது தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது. வெயில் சாய்ந்துவிட்டால் எதுவுமே தெரியாது. இது அம்மாவுக்கும் எனக்கும் அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கார் ஓடவில்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்தான் முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, “இடப்பக்கம் மாட்டு வண்டி”, “சைக்கிள் வருது, மெள்ள”, “பாலத்தடியில ஆக்கள் கடக்கினம்” என்று சொல்லிக்கொண்டு போவேன். முதலில் விடுமுறை நாள்களில் மட்டும் போனேன். பிறகு பள்ளிக்கூடம் வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியது. அதற்காக நான் அழுது தொலைத்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. கணக்கு வாத்தியாரைவிட, கடலோரமாகக் காலி நகரம் வரை ஓடும் காலி வீதி எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

ஹையருக்கு, அதாவது வாடகைச் சவாரிக்கு, ஏறுகிறவர்கள், இந்தப் பெட்டை ஏன் முன்னால் இருக்கிறாள் என்று கேட்காமல் இருப்பார்களா? அதற்கு அப்பா ஒரு பதில் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்கே புறப்பட்டாலும், முதலில் எந்த முகம் எதிர்ப்படுகிறது என்று பார்ப்பார்கள். அதை முழுவியளம் என்பார்கள். “இவள்தான் என்ரை முழுவியளம். இவளை ஏத்தாமல் வெளிக்கிட்டால் அண்டைக்கு ஒரு ஹையரும் கிடையாது” என்பார் அப்பா. கேட்டவர்கள் நம்பினார்கள். பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி, தன் மகனுக்குச் சம்பந்தம் பேசப் போகும்போது வாசலில் வந்து நிற்கும்படி என்னைக் கூப்பிட்டாள். நானும் போய் நின்றேன். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அந்த வருஷச் சோதனைக்கு நாள் கேட்டுக் கடிதம் எழுதியவர் மாமா. அவர் கந்தோரில் கிளார்க். இங்கிலீசில் டைப் அடித்துக் கொண்டுவந்தார். வந்த பதிலில் பின்னேரம் நான்கு மணி என்று இருந்தது. அதை மாமா வாசித்ததும் அப்பாவின் முகம் செத்துப்போனது.

“காலமை பத்து மணிக்கு மாத்தித் தரச்சொல்லி இன்னொருக்கா எழுது. வெயில் இருக்கவேணும்.”

“அத்தான், இந்த வருஷத்தோட விடுங்கோவன். ஒரு உசிர் போச்செண்டால் என்ன செய்யிறது?”

“சான்றிதழ் கிடைக்கட்டும். பிறகு பாப்பம்.”

போன வருஷமும் அப்பா அதையேதான் சொன்னவர் என்று அம்மா குசினிக்குள் அடுப்பை ஊதியபடி சொன்னாள். மாமா கடிதத்தை மடித்துக்கொண்டு போனார். நேரம் மாறி வந்தது. பத்து மணி.

பிறகு இரண்டு கிழமை காரோடு மாரடித்தோம். மெக்கானிக் வந்து பிரேக்குக்குப் புதுத் துண்டு அடித்தார். கிழிந்த கன்வஸ் கூரையை அம்மா தன் மெஷினில் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். ஹோர்ன், லைட், கைபிரேக் என்று ஒவ்வொன்றாக அப்பா தொட்டுப் பார்த்தார். எந்த நட்டு இளகியிருக்கிறது என்பது அவருடைய விரலுக்குத் தெரிந்தது. நான் மண்ணெண்ணெய்த் துணியால் இஞ்சினின் எண்ணெய்க் கசிவைத் துடைத்தேன். அப்படி ஒரு மினுக்கத்தை அந்தக் கார் கடையிலிருந்து வந்த நாளில்கூடக் கண்டிருக்காது.

சோதனை நாள் மழை. பொரளைப் பக்கத்தில் ஒரு திடலில் கார்கள் வரிசையாக நின்றன. வானம் கறுத்து, பத்து மணியே மாலை மாதிரி இருந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய முழங்கையைத் தொட்டு, “பயப்படாதேங்கோ அப்பா, நான் இருக்கிறன்” என்றேன்.

பரிசோதகர் கொஞ்சம் தமிழ் பேசத் தெரிந்த ஒரு பறங்கித் துரை. தொப்பியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து முன் சீட்டில் ஏறினார். நான் பின்னுக்குப் போகவேண்டியதாயிற்று. கார் வீதிக்கு இறங்கியதும், அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் வேலையை விடாமல் செய்தேன். “அப்பா, வலப்பக்கம் லொறி. அப்பா, முன்னால கைவண்டி.” துரை ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா ஒரு தவறும் விடவில்லை. பிரேக் பிடிக்கச் சொன்ன இடத்தில் கார் ஆணி அடித்தது போல் நின்றது.

திடலுக்குத் திரும்பியதும் அப்பா இறங்கிப் பொனட்டைத் திறந்தார். துரை இறங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“பேபி, நீ ஏன் எல்லாம் அப்பாவுக்குச் சொல்றது?”

ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் இவர் சோதிக்க வந்தவர். இன்ஸ்பெக்டர் கேட்டால் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

“நான் சொன்னால்தான் சேர் அப்பாவுக்குத் தெரியும். பின்னேரத்தில அவருக்கு ஒண்டும் தெரியாது. நான் ஒருநாளும் பிழையாச் சொன்னதில்லை.”

துரை இறங்கிப் போய், அப்பாவுக்குப் பக்கவாட்டில் நின்று, மூன்று விரலை நீட்டினார். “எத்தனை?” என்று கேட்டார். அப்பா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு என்னைத் தேடுவது போல் காரைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். துரை மற்றக் கையின் விரலைத் தன் உதட்டில் வைத்தார். சோதனையில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? இறுக்கி வாயை மூடிக்கொண்டேன்.

“தெரியேல்லை, சேர்” என்றார் அப்பா.

காருக்குச் சான்றிதழ் கிடைத்தது. காரை நன்றாக வைத்திருக்கிறீர் என்று துரை பாராட்டினாராம். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். திடலில் நின்ற வேறொரு டிரைவர்தான் எங்களை வீட்டுக்கு ஓட்டிவந்தார். அப்பா பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அப்படி அவர் இருந்ததே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்குள் ஓடிப்போய், துரை கேட்டதற்கெல்லாம் நான் எப்படிச் சொன்னேன் என்று அம்மாவிடம் ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா குறுக்கே வந்து நின்றார். அந்த அடி அவருடைய மார்பில் விழுந்தது.

“பிள்ளையில கை வையாதை. அவள் கெட்டித்தனமாத்தான் சொன்னவள். கார் பாஸ்.”

அம்மா நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். பாஸான வீட்டில் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த மாதமே கார் விலைப்பட்டது. நாங்கள் வெள்ளவத்தையை விட்டு, கொட்டாஞ்சேனையில் வெளிச்சம் வராத ஓர் அறைக்குப் போனோம். அம்மா ஊருக்கெல்லாம் சட்டை தைத்தாள். அப்பா கதிரையில் இருந்தார். தெரிந்தவர்கள் வந்து, ஏன் காரை விட்டுவிட்டீர் என்று விசாரிப்பார்கள். “கண் சரியில்லை. நானாத்தான் லைசென்ஸைக் கொண்டுபோய்க் குடுத்தனான்” என்பார் அப்பா.

எனக்குப் பொறுக்காது. உள்ளே எங்கிருந்தாலும் ஓடிவந்து, வந்தவர்களுக்கு முன்னால் திருத்துவேன். “இல்லை அப்பா, மறந்துபோனீங்களே? நான் சொல்லித்தானே அந்தத் துரை வாங்கினவர்!”

“ஓமோம், மறந்திட்டன்” என்று அப்பா சிரிப்பார். ஒவ்வொரு முறையும் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டதாகவே சொன்னார்.

அந்தக் கார் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருந்தால் யாராவது ஒருவர் அதன் சில்லில் அடிபட்டுச் செத்திருப்பார் என்பது உண்மைதான். அதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ள இன்று எனக்கு முடிகிறது. ஆனால் அப்பா எதையுமே மறக்கவில்லை என்பதும், யாரைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னார் என்பதும் எனக்கு விளங்கியபோது அவரைப் பொரளைச் சுடலையில் எரித்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.