உப்பளத்தில் பெய்த மழை

கோட்டாற்றில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன நூலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதன் தலையில் 'இந்த வாரம் வாசிக்க' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே வாராவாரம் சாக்பீஸால் ஒரு புத்தகத்தின் பெயரையும் அதைப் பற்றி எட்டுப் பத்து வரிகளையும் எழுதுபவர் சுயம்புராஜ். பெயிண்ட் கடை நடத்தியவர். கடையை மருமகன் கையில் கொடுத்த பிறகு வாசகர் வட்டத்துக்குத் தலைவரானார். டப்பாவைத் திறக்காமல் ஷேட் கார்டைக் காட்டியே வியாபாரம் செய்து பழகியவருக்கு, புத்தகத்தைத் திறக்காமல் பின்னட்டையை வைத்தே சிபாரிசு செய்வது பெரிய மாற்றமாகப் படவில்லை.

அவர் முறை எளிது. புது வரவில் தடிமனாக ஒன்றை எடுப்பார். பின்னட்டையைப் படிப்பார். பலகையில் எழுதுவார். கை உதறிய சூட்டோடு அந்தப் புத்தகத்தைத் தன் பெயரிலேயே எடுத்துப்போய் வீட்டு அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்துவிடுவார். யாராவது வந்து கேட்டால் நூலகர் சபிதா, "வெளிய போயிருக்கு" என்பார். எங்கே போயிருக்கிறது என்று சபிதாவுக்குத் தெரியும். தவணை முடிய முடியப் புதுப்பித்து முத்திரை குத்துவது அவர்தானே. ஆனால் நூலகத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் சுயம்புராஜ். அதற்கு நேர் கீழேதான் சபிதாவின் நாற்காலி.

கிடைக்காத புத்தகத்துக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போகும். "அண்ணாச்சி பலகையில எழுதுன புக்கு ஒருநாளும் கையில கிட்டாதுவே, அவ்வளவு ஓட்டமாக்கும்" என்று சந்து முழுக்கப் பேச்சு.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நூலகச் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் போடுவார்கள். படத்தைத் தேர்வதும் முன்னுரை சொல்வதும் சுயம்புராஜ்தான். முன்னுரை ஒரு மணி நேரம் போகும். எட்டு மணிக்குப் பூட்டியாக வேண்டும் என்பதால் எந்தப் படமும் முடிந்ததில்லை. உலகத்தின் நல்ல படங்களுடைய முதல் பாதியை இத்தனை பேர் கூடி உட்கார்ந்து பார்த்த இடம் மாவட்டத்தில் வேறு இருக்காது. பூட்டியதும் கேட்டுக்கு வெளியே கூட்டம் அவரைச் சுற்றிக்கொள்ளும். "கடைசியில என்ன ஆச்சி அண்ணாச்சி?" அவர் சொல்வார். பெரும்பாலும் கதாநாயகன் செத்துப்போவான். மழைக்காலத்தில் திருந்துவதும் உண்டு.

அந்தப் பலகையும் அந்தக் கேட்டடியும்தான் அவருக்கு மிச்சம். கடையில் இப்போது அவர் சொல்லை மருமகன் கேட்பதில்லை. வீட்டில் எப்போதுமே யாரும் கேட்டதில்லை.

வைகாசியில் உப்பளத்தைப் பற்றிய ஒரு தடித்த நாவல் வந்தது. சுயம்புராஜ் பலகையில் எழுதிய பத்து வரியில் இரண்டு: 'உப்பளத் தொழிலாளியின் வாழ்வில் வீசும் புயல். முடிவில் மகிழ்ச்சி பொங்கப் பெய்யும் மழையில் வாசகனும் நனைவான்.' அன்றே நாவல் அலமாரிக்குள் போனது. அந்த மாத வட்டக் கூட்டத்தில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ராஜகுமார், அந்த மழைக்காட்சியைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றார். இன்னொருவர் தலையணை நனைந்ததாகச் சொன்னார். நாவல் அலமாரியை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவர் ஷெர்லி. குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, பக்கத்துத் தெருவில் குடிவந்தவர். பிறந்தது மணக்குடிப் பக்கம். நாலு தடவை நூலகத்துக்கு வந்து கேட்டார்; நாலு தடவையும் "வெளிய போயிருக்கு". அவருக்கு வட்டத்தின் பழக்கம் தெரியாது. எனவே இந்த ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். அந்த நாவலை விலைக்கு வரவழைத்துப் படித்தார்.

அடுத்த கூட்டத்துக்கு அதைக் கையோடு கொண்டுவந்தார். வட்டத்துக்காரர்கள் சிபாரிசு செய்யப்பட்ட ஒரு புத்தகத்தை நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. கொஞ்சம் பின்வாங்கி உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்த மழை பெய்யுத இடம் மட்டும் எனக்குக் கிட்டல்ல. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"நல்லாப் பாரு பிள்ளே. கடைசிப் பக்கமா இருக்கும்."

"கடைசியில உப்பு வாருகாவ. எங்க அப்பா அளத்துல கெடந்தவராக்கும். மழ பெஞ்சா உப்பெல்லாம் கரஞ்சி போவும்லா? மானம் கறுத்தா எங்க வீட்டுல முட்டுக்குத்தி நின்னு செபமால சொல்லுவோம், பெய்யக் கூடாதுன்னு. அதான் கேக்கேன், இந்த மழயில யாருக்கு என்ன சந்தோசம்?"

சுயம்புராஜ் பலகை இருக்கும் பக்கம் பார்த்தார். அப்போது ராஜகுமார் தொண்டையைக் கனைத்தார். தூக்கம் கெட்டதாகச் சொன்னவருக்கு வேறு வழியில்லை.

"ஷெர்லி, அது மானத்துல பெய்யுத மழ இல்ல. மனசுக்குள்ள பெய்யுது. குறியீடு."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் தலையணை நனைந்தவர்.

ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். ஷெர்லி ராஜகுமாரைப் பார்த்தார், சுயம்புராஜைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "சரி சார். மனசுக்குள்ளன்னா செரி. குடையாவது பிடிச்சீங்களா?"

வட்டம் தப்பித்துவிட்டது. சுயம்புராஜுக்குத்தான் அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அடுத்த முறை அவள் எந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்? பலகை போய்விடும். அலமாரியைத் திறந்து நாவலை எடுத்தார். மழை எங்காவது ஒரு தூறலாவது போட்டிருந்தால் பக்க எண்ணைச் சொல்லிவிடலாம் என்பதுதான் நோக்கம்.

ஆடி பிறந்துவிட்டது, இன்னும் படித்துக்கொண்டிருந்தார். பாதி வரை ஓயாமல் வைதார். பிறகு ஓர் இடத்தில், அளத்தின் வெள்ளையை வெயிலில் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போன ஒருவன், பெண்டாட்டியின் முகத்தைத் தடவிப் பார்க்கிறான். வாழ்நாளெல்லாம் வெள்ளையில் பத்து வகை காட்டி விற்ற சுயம்புராஜ் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "சோறு ஆறுது" என்று மனைவி கூப்பிட்டது காதில் விழவில்லை. மழை கடைசி வரை வரவில்லை.

மறுநாள் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார்: 'உப்பள நாவலை இப்போதுதான் படித்தேன். அதில் மழை இல்லை. முதல் பாதி சலிப்பு. பிறகு கண் கூசுகிறது. புத்தகம் உள்ளே இருக்கிறது.'

நாவலைச் சபிதாவின் மேசையில் வைத்தார். சபிதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் சொகமில்லியா?"

சந்து முழுக்க அதே கேள்விதான். "முன்னெல்லாம் பத்து வரி எழுதுவாரு, வாசிச்சா புல்லரிக்கும். இப்பம் பாத்தியா? சலிப்பாம், கூசுதாம்." "ஆளுக்கு வயசாயிட்டு மக்கா." 'இப்போதுதான் படித்தேன்' என்ற சொல்தான் வட்டத்தை மிகவும் புண்படுத்தியது. முன்பே படித்து அழுதவர்களை அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? அவசரக் கூட்டம் போட்டார்கள். சுயம்புராஜின் நீண்ட சேவையைப் பாராட்டி ஒரு துண்டு போர்த்தி, சாக்பீஸை ராஜகுமாரிடம் கொடுத்தார்கள். எதிர்த்துக் கை தூக்கியது ஷெர்லி மட்டும். உறுப்பினராகி ஆறு மாதம் ஆகாததால் அந்தக் கை கணக்கில் சேரவில்லை.

ராஜகுமார் அன்றே பன்னிரண்டு வரி எழுதினார். புத்தகம் அன்றே வெளியே போனது.

அந்த மாதப் படத்துக்கு ராஜகுமாரின் முன்னுரை ஒன்றேகால் மணி நேரம். சுயம்புராஜ் பின்வரிசையில் ஷெர்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெளிந்தார். "படத்தப் போடும் வே" என்று ஒருமுறை முணுமுணுத்தார். முன்னால் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். எட்டு மணிக்குச் சபிதா சாவிக்கொத்தோடு எழுந்தபோது, திரையில் ஒரு பெண் கதவைத் திறந்து யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். யாரை என்று தெரிவதற்குள் விளக்கு போட்டார்கள்.

கேட்டடியில் ஷெர்லி கேட்டார். "கடைசியில என்ன ஆச்சி அண்ணாச்சி?"

சுயம்புராஜின் வாய் பழக்கத்தில் திறந்தது. கதாநாயகன் நாக்கு நுனி வரை வந்து சாவதற்குத் தயாராக நின்றான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"தெரியாது மக்களே" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் பின்னால் வந்த ராஜகுமார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது.